அகடமிப் பையன்களுக்கு இடம் குடுக்க மெனேஜர்மார் ஏன் இவ்வளவு தயங்குறாங்க?

பண்டாரவளைத் தம்பி ஒருத்தர் கேட்டது
2025 செப்டெம்பர் 6, சனிக்கிழமை

மென்செஸ்டர் யுனைட்டெட் உதைபந்துக் கழகத்துல கொபி மைனூவுக்கு 20 வயசு. போன வருஷம் யூரோ இறுதியாட்டத்துல இங்கிலாந்துக்காகத் தொடக்கத்திலேயே ஆடினவன். இந்த சீசன் லீக்ல மூணு மெட்ச் முடிஞ்சிருக்கு, ஒண்ணுலயும் முதல் பதினொரு பேர்ல அவன் இல்ல. சின்ன வயசுலயிருந்து கழகத்தோட சொந்த அகடமிப் பயிற்சியில வளர்ந்த பையனையே நம்பலன்னா அகடமி எதுக்கு?

செப்டெம்பர் 6, இரவு 10.40

பயம் தம்பி. வேற ஒண்ணும் இல்ல.

இருபது வயசுக்காரன் பிழை விட்டா "ஏன் இவனை இறக்கினே"ன்னு மெனேஜரைக் கேப்பாங்க. முப்பது வயசுக்காரன் அதே பிழையை விட்டா அந்த ஆட்டக்காரனைத்தான் திட்டுவாங்க. எந்தத் திட்டு தன் தலையில விழாதுன்னு பார்த்துத்தான் பட்டியல் எழுதுறாங்க. மைனூ 2024 எஃப்.ஏ. கிண்ண இறுதியில மென்செஸ்டர் சிட்டிக்கு எதிரா கோல் போட்டவன். அதுக்கு மேல என்னத்தைக் காட்டணும்?

இதே கழகம் ஸ்கொட் மெக்டோமினேயை 2024 ஆகஸ்ட்ல நாப்போலிக்கு வித்துச்சு. சின்னப் பிள்ளையிலிருந்து அங்க வளர்ந்தவன். ஒரே சீசன்ல இத்தாலி லீக்கை ஜெயிச்சு, அந்த லீக்கோட சிறந்த வீரர் விருதையும் வாங்கிட்டான். போக்பாவை 2012ல கிட்டத்தட்ட சும்மா ஜுவென்டஸுக்கு விட்டாங்க, 2016ல 8 கோடியே 90 லட்சம் பவுண் குடுத்துத் திருப்பி வாங்கினாங்க. நம்ம வீட்டு ஆட்டுக்குட்டியைச் சந்தையில வித்துட்டு, வளர்ந்த பிறகு நாமளே போய் விலை பேசி வாங்கின கதை.

1995 ஆகஸ்ட்ல யுனைட்டெட் எஸ்டன் வில்லாகிட்ட 3-1 தோத்த அன்னைக்கு முன்னாள் ஆட்டக்காரர் அலன் ஹன்சன் டீவியில சொன்னார், பொடியன்களை வச்சு ஒண்ணையும் ஜெயிக்க ஏலாதுன்னு. பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள் இருந்த அந்த டீம் அதே சீசன்ல லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்துத் தூக்குச்சு. முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் ஹன்சன் சொன்னதைத்தான் எல்லா மெனேஜரும் மனசுக்குள்ள வச்சிருக்காங்க.

செப்டெம்பர் 7, காலை

ஒரு திருத்தம். தலவாக்கலை அண்ணன் ஒருத்தர் சுட்டிக் காட்டினார். மைனூவை இறக்கவே இல்லைங்கிற மாதிரி நேத்து கோபத்துல எழுதிட்டேன். ஆகஸ்ட் 27 லீக் கிண்ணத்துல கிரிம்ஸ்பிக்கு எதிரா தொடக்கத்திலேயே ஆடினான். நாலாம் பிரிவு டீம். 2-2, பிறகு பெனால்டியில 12-11ன்னு யுனைட்டெட் தோத்துச்சு.

அண்ணே, நீங்க சொன்னது சரி. ஆனா பையன்களுக்குக் கிடைக்கிற மெட்ச் எதுன்னு பாருங்க. எல்லாரும் புதுசா சேர்ந்து ஆடுற, யாருக்கும் அக்கறையில்லாத கிண்ண ஆட்டம். தோத்தா "பார்த்தீங்களா, இன்னும் பதமாகல"ன்னு சொல்றதுக்கும் அதே மெட்ச்தான் கையில இருக்கும்.

செப்டெம்பர் 10, புதன்

நேத்து நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட் கழகம் மெனேஜர் நூனோவை நீக்கிட்டாங்க. போன சீசன்ல 7ஆம் இடத்துக்குக் கொண்டுவந்த மனுஷன், இந்த சீசன் மூணு லீக் மெட்ச்சோட வீட்டுக்குப் போறார். செப்டெம்பர் 1ஆம் தேதி எரிக் டென் ஹாக்கை ஜெர்மனிக் கழகம் லெவர்குசன் நீக்குச்சு. லீக்ல ரெண்டே மெட்ச்.

டென் ஹாக்னாலதான் என் சனிக்கிழமைப் பேச்சு ஆட்டம் கண்டுபோச்சு. 2019ல நெதர்லாந்துக் கழகம் அயெக்ஸை சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரைக்கும் கொண்டுபோனவர் அவர். அந்த டீமுக்குத் தலைவன் டி லிக்ட், வயசு 19. பிறகு யுனைட்டெட் மெனேஜரா வந்து மைனூவை டீமுக்குள்ள கொண்டுவந்ததும் இவரேதான். 2024 கிண்ண இறுதியில ரெண்டு கோலையும் போட்டது கர்னாச்சோவும் மைனூவும். அந்த மெட்ச் முடிஞ்சு அஞ்சு மாசத்துல வேலை போச்சு. பையன்களை நம்பின மனுஷன் ஒருத்தர் இருந்தார், ஆனா அந்த நம்பிக்கை அவர் நாற்காலியைக் காப்பாத்தல.

அதனால "பயம்"னு ஒத்தை வார்த்தையில முடிச்சது அவசரம். பயம் உண்மைதான். ஆனா அந்தப் பயத்தைக் கொண்டுவந்து வைக்கிறது வேற ஆள். ரெண்டு மெட்ச்ல போகப்போற வேலையில இருக்கிறவன் மூணு வருஷத்துல பலன் தர்ற கன்றை நடுவானா?

இன்னொண்ணு கவனிச்சேன். மனசார இடம் குடுத்த கதைகளைத் தேடினா, பாதிக்கு மேல வேற வழியில்லாம குடுத்ததாவே இருக்கு. 2014 தொடக்கம் 2018 வரைக்கும் இளையோருக்கான எஃப்.ஏ. கிண்ணத்தைத் தொடர்ந்து அஞ்சு தடவை ஜெயிச்சது செல்சி. அந்தப் பையன்கள்ல எத்தனை பேர் முதல் அணியில ஆடினாங்க? 2019ல ஃபீஃபா வீரர்கள் வாங்கத் தடை போட்ட பிறகுதான் மெனேஜர் லம்பார்ட் மவுன்டையும் ஏப்ரகாமையும் ரீஸ் ஜேம்ஸையும் டொமோரியையும் இறக்கினார். அந்த சீசன் நாலாம் இடம். கடை பூட்டியிருந்ததால வீட்டுச் சோறு. சாப்பிட்டுப் பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு.

யுனைட்டெட்டோட ரஷ்ஃபோர்டும் அப்படித்தான். "மெனேஜர் வான் கால் திட்டம் போட்டு இறக்கினார்"னு எனக்கு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லைங்க. 2016 பெப்ரவரி 25, மிட்ஜிலண்ட் மெட்ச்சுக்கு உடம்பு சூடாக்குற நேரத்துல மார்சியாலுக்குக் காயம். அதுல கிடைச்ச இடம். 18 வயசு, ரெண்டு கோல். மூணு நாள் கழிச்சு ஆர்சனலுக்கு ரெண்டு. மார்சியாலோட கால் அன்னைக்குப் பிடிக்காம இருந்திருந்தா ரஷ்ஃபோர்ட் எப்ப வந்திருப்பான்?

லிவர்பூல் 2024 பெப்ரவரியில லீக் கிண்ண இறுதியில செல்சியை 1-0 ஜெயிச்சதையும் சேர்த்துக்கங்க. கடைசி நேரத்துல பென்ச்சிலிருந்து பேர் தெரியாத பையன்களா இறக்கினார் மெனேஜர் குளொப். பாதி டீம் காயத்துல இருந்துச்சு. அதோட அவர் ஒரு மாசம் முந்தியே போறேன்னு அறிவிச்சாச்சு. அவரை யாரால நீக்க முடியும்?

செப்டெம்பர் 15, அதிகாலை

தூக்கம் வரல. நேத்து யுனைட்டெட் சிட்டிகிட்ட 3-0 தோத்துச்சு. முதல் கோல் ஃபோடன், சிட்டி அகடமிப் பையன்.

யுனைட்டெட் ரசிகர்கள் பெருமையாச் சொல்ற ஒரு கணக்கு இருக்கு. 1937 ஒக்டோபர்லயிருந்து ஒவ்வொரு மெட்ச் அணியிலயும் அகடமியில வளர்ந்த ஒருத்தனாவது இருந்திருக்கான். 2019 டிசம்பர்ல அது 4000 மெட்ச் ஆச்சு. நானும் வகுப்புல பையன்களுக்குச் சொல்லியிருக்கேன். இன்னைக்குத்தான் உறைச்சது, அது பென்ச்சையும் சேர்த்த கணக்கு. பட்டியல்ல பேர் இருந்தாப் போதும், புல்லை மிதிக்கணும்னு இல்ல.

தேயிலைத் தோட்டத்துல பிறந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. பறிச்ச கொழுந்து 18 கிலோ நிறை வந்தாத்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைஞ்சா அரைப்பேர். எங்க அம்மா மழையில முழு நாள் மலையில நின்னுட்டு அரைப்பேரோட வந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு வீட்டுல யாரும் பேச மாட்டோம். 89ஆவது நிமிஷத்துல இறங்குற பையனுக்கு அரைப்பேர்கூட இல்ல.

செப்டெம்பர் 20, சனிக்கிழமை

"நீங்க கோச்தானே, உங்க டீம்ல என்ன செய்றீங்க"ன்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. நியாயமான கேள்வி.

நான் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டீமைப் பார்த்துக்கிறேன், பன்னிரண்டு வருஷமா. தொழில் கணக்கு படிப்பிக்கிறது. எழுவர் ஆட்டம்தான் அதிகம், ஏன்னா எங்க மலையில பதினொரு பேர் ஓடுற அளவு சமதரை கிடைக்கிறது அபூர்வம். தேயிலைக்குப் போக மிஞ்சின இடம்தான் நமக்கு. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் லயத்து வீடுங்க, மத்த ரெண்டு பக்கமும் சரிவு. போல், அதாவது பந்து, வெளியில போனா தேயிலைக்குள்ள உருண்டு கீழ்ப் பாதை வரைக்கும் போகும். அதைப் பொறுக்கிட்டு வர ரெண்டு சின்னப் பையன்களை நிறுத்துவோம். மெட்ச் முடிஞ்சா ஆளுக்கொரு பணிஸும் பிளேன்டீயும்.

2016 அளவுல அப்படிப் போல் பொறுக்க வந்தவன் ஒருத்தன். தோட்டத்தோட மேல் டிவிஷன் பையன். இடதுகால். போலை எடுத்துட்டு மேலே வர்றப்ப கையில தூக்கிட்டு வர மாட்டான், செடி வரிசைக்கு நடுவுல காலாலயே தட்டிக்கிட்டு ஏறி வருவான், அதுவும் செருப்பில்லாம. தேயிலை வேருக்கும் கல்லுக்கும் நடுவுல போலை அப்படி வச்சிருக்க முடிஞ்சவனுக்குச் சமதரை ஒண்ணுமே இல்ல. பதினாலு வயசுல டீம்ல சேர்த்தேன். பயிற்சியில என் பெரிய ஆட்கள் ஒருத்தராலயும் அவன்கிட்டயிருந்து போலை எடுக்க முடியாது.

2018 தீபாவளிக்கு ஒரு இறுதியாட்டம். தோட்டத்துல 1000 ரூபா நாள் சம்பளம் கேட்டுப் போராட்டம் நடந்துகிட்டிருந்த நேரம், ஊரே கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, மெட்ச் பார்க்க அவ்வளவு கூட்டம். அவனுக்கு 16. பென்ச்சில வச்சிருந்தேன். 2-0 பின்னுக்கு நிற்கிறப்ப கடைசி அஞ்சு நிமிஷம் இறக்கினேன். பனிமூட்டம் இறங்கிடுச்சு, கோல் கம்பமே தெரியல. ரெண்டு தடவை போலை விட்டான். கூட்டம் கத்துச்சு. அடுத்த ஜனவரியில சொந்தக்காரர் ஒருத்தரோட கொழும்புக்குப் போயிட்டான், புறக்கோட்டையில துணிக்கடை வேலை. வீட்டுக் கஷ்டம். அப்பா இல்ல, ரெண்டு தங்கச்சி.

இன்னும் பதமாகலன்னு நினைச்சேன். அது என்னோட கணிப்பு.

செப்டெம்பர் 21

நோர்வூட்ல நல்ல மைதானம் இருக்கேன்னு மஸ்கெலியாக்காரர் கேட்டதுக்கு: ஆமா, நோர்வூட் தொண்டமான் மைதானம் நல்ல மைதானம்தான். 2017ல இந்தியப் பிரதமர் மோடி வந்து பேசின அதே இடம். ஆனா எங்க பையன்கள் அங்க போக லொறி பிடிக்கணும். லொறிக்குக் காசு வேணும். காசுப் பேச்சை இன்னொரு நாள் எழுதுறேன், அதுல எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கு.

செப்டெம்பர் 28, ஞாயிறு

நேத்து வெஸ்ட் ஹாம் கிரஹாம் பொட்டரை நீக்கிட்டு அதே நாள்ல நூனோவை எடுத்துக்கிட்டாங்க. ஆள் மாறுது, நாற்காலி அதே நாற்காலி.

காசுக்கு வர்றேன்.

2022ல ஆண்டனியை 8 கோடி பவுணுக்கு மேல குடுத்து யுனைட்டெட் வாங்குச்சு. அவ்வளவு விலையில வாங்கினவனை பென்ச்சில வச்சிட்டு அகடமிப் பையனை இறக்கினா, வாங்கினவங்க முகத்துல கரி. அதனால அவன் ஆடிக்கிட்டே இருந்தான். விலை குடுத்து வாங்கினவனுக்குப் பத்து சந்தர்ப்பம். சும்மா வளர்ந்தவனுக்கு ஒண்ணு. அவனும் சும்மா வளரல, ஆனா விலைச்சீட்டு இல்லாததால சும்மான்னு தோணுது.

கணக்கு வாத்தியார்ங்கிறதால இன்னொண்ணையும் சொல்றேன். வாங்கின வீரனோட விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரிச்சு எழுதுவாங்க. 5 வருஷ ஒப்பந்தம்னா வருஷத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு செலவு. ரெண்டு வருஷத்துல வித்தா, மீதி மூணு பங்கைக் கழிச்சுட்டுத்தான் லாபம் பார்க்க முடியும். அகடமிப் பையனுக்குப் புத்தகத்துல வாங்கின விலையே கிடையாது. வித்தா வர்ற காசு அவ்வளவும் லாபம். நட்டத்துக்கு வரம்பு போட்டிருக்கிற லீக்ல இது கழகங்களுக்குப் பெரிய சலுகை. செல்சி மவுன்டை 2023ல யுனைட்டெட்டுக்கு வித்துச்சு. கலஹரை 2024ல அத்லெட்டிக்கோவுக்கு. சிட்டி, கோல் பாமர்ங்கிற பையனை 2023ல செல்சிக்கு. மைனூவையும் இப்படி ஒரு கண்ணோட பார்க்கிறாங்களோன்னு எனக்குச் சந்தேகம் உண்டு. தம்பி கேட்டாரே, அகடமி எதுக்குன்னு. இப்ப அது பாதி விதை நெல், பாதி விக்கிற நெல்.

இனி எங்க டீமோட காசு. செப்டெம்பர் 20ல எழுதினதைத் திரும்ப வாசிச்சேன். அது சரியில்ல. பொய்யின்னு சொல்ல மாட்டேன், ஆனா நடுவுல இருந்ததை விட்டுட்டேன்.

2018ல லொறிக்கும் ஜேர்சிக்கும் பெரிய ஆட்கள் ஆளுக்கு 500 ரூபா போட்டாங்க. அப்ப தோட்டத்துல ஒரு நாள் அடிப்படைச் சம்பளமே 500. ஏழு பேர் போட்டாங்க. அந்தப் பையனால போட முடியல, நானும் கேக்கல. மெட்ச்சுக்கு முந்தின ராத்திரி பட்டியல் எழுதறப்ப முதல் ஏழுல அவன் பேரையும் எழுதினேன். காலையில மைதானத்துல அந்தத் தாளை ஒருத்தர் வாங்கிப் பார்த்தார். அவர் பேர் அதுல இல்ல. ஒண்ணும் சொல்லல. ஜேர்சியைக் கழட்டி மடிச்சு என் கையில குடுத்தார். அவ்வளவுதான். நான் பேனாவை எடுத்துப் பையன் பேரை வெட்டிட்டு அவர் பேரை எழுதினேன். பையன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான்.

பதமாகலங்கிறது நான் பிறகு கண்டுபிடிச்ச காரணம். காசு போட்டவருக்கு இடம் குடுத்தேன். பனிமூட்டத்துல 2-0 பின்னுக்கு நிற்கிறப்ப அஞ்சு நிமிஷம் இறக்கிட்டு, அதைச் சந்தர்ப்பம்னு வேற எழுதி வச்சிருக்கேன்.

மெனேஜர்மாரைப் பத்தி முதல் நாள் எழுதினதைப் பையப் பையத் திரும்ப எடுத்துக்கிறேன். அவங்களுக்கு 8 கோடி பவுண். எனக்கு 500 ரூபா.

செப்டெம்பர் 28, இரவு

"அந்தப் பெரிய ஆளையும் திட்டாதீங்க, ஒரு நாள் கூலியைப் போட்டிருக்கார்"னு நாவலப்பிட்டியிலிருந்து எழுதியிருக்காங்க. திட்டல. அவர் நல்ல மனுஷன். ஓட்டோ ஓட்டுறார், என் பையன்களை எத்தனையோ தடவை சும்மா ஏத்திட்டுப் போயிருக்கார். தாளை வெட்டினது என் கை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

மறுபக்கம் எழுதணும்னு ரெண்டு பேர் கேட்டாங்க. பையன்களை அவசரமா இறக்கினா கெட்டுப்போக மாட்டாங்களான்னு.

கெட்டுப் போவாங்க. அன்சு ஃபாட்டி 2019ல 16 வயசுல பார்சிலோனாவுக்கு ஆடத் தொடங்கினான். 2020 நவம்பர்ல முழங்கால் போச்சு. மெஸ்ஸி போன பிறகு அந்த 10ஆம் நம்பரையே அவனுக்குக் குடுத்தாங்க. பழைய ஆள் திரும்பி வரவே இல்ல. பெட்ரி 2020-21ல யூரோ, ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து எழுபது மெட்ச்சுக்கு மேல ஆடினான், பிறகு ரெண்டு வருஷம் தொடைத் தசை மாறி மாறிப் பிடிச்சுது. பெட்ரி பார்சிலோனா அகடமியில்ல, லாஸ் பல்மாஸ்லயிருந்து வந்தவன், ஆனா உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எங்க பக்கம் தவறணையில வளர்க்கிற தேயிலைக் கன்றைப் பார்த்திருப்பீங்க. பொலிதீன் உறையில ஒன்பது மாசம், ஒரு வருஷம் நிழல்ல வளரும். நடுறதுக்கு முந்தி நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வெயில் காட்டுவாங்க. ஒரேயடியா வெயில்ல வச்சா கருகிடும். ஆனா நட வேண்டிய காலம் தாண்டியும் உறையிலேயே விட்டா, கீழே வேர் சுருண்டு வட்டமாப் போயிடும். மேலே பச்சையா, அழகா இருக்கும். நட்டா மண்ணைப் பிடிக்காது. இருபத்திரண்டு வயசு வரைக்கும் ஒவ்வொரு டீமுக்கா கடனுக்கு அனுப்பி வைக்கிற பையன்களைப் பார்க்கிறப்ப எனக்கு அந்த உறைதான் கண்ணுல வருது.

கடன்ல போய்த் தேறினவங்களும் உண்டு. ஹரி கேன் நாலு கழகத்துக்குப் போயிட்டு வந்தான். 2014 ஏப்ரல்ல அவனோட கழகம் டொட்டன்ஹம்ல மெனேஜர் டிம் ஷெர்வுட் தொடக்கத்துல இறக்கின பிறகு கோல் மேல கோல். ஷெர்வுட் அதுக்கு முந்தி அதே கழகத்துல இளையோரைப் பார்த்துக்கிட்டிருந்தவர், பையனோட காலை அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து வர்ற மெனேஜருக்கு இவங்க வெறும் பேர்தான்.

ஹன்சனைப் பத்தியும் ஒண்ணு. முதல் நாள் அவரை ரொம்ப எளிதாத் தூக்கி வீசிட்டேன். அந்த 1995-96 டீம்ல பொடியன்கள் மட்டுமா இருந்தாங்க? பின்னுக்கு ஸ்மைக்கல், புரூஸ். நடுவுல கீன். ஒக்டோபர்ல தடை முடிஞ்சு வந்த கன்டோனா. மெனேஜர் பெர்குசனும் அதுக்குள்ள ரெண்டு லீக் ஜெயிச்சிருந்தார். 1986 கடைசியில வந்தவருக்கு முதல் கிண்ணம் 1990லதான் கிடைச்சுது. இன்னைக்கா இருந்தா 1988லயே அனுப்பியிருப்பாங்க, பெக்கம்ங்கிற பேரையே நாம கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஒக்டோபர் 6

தவறணைங்கிற சொல்லைப் பார்த்துட்டு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் பதறி போன் எடுத்தார். "பிள்ளையளைத் தவறணையில விட்டு வளர்க்கிறதோ?" அங்க அது கள்ளுக்கடை. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் சிரிச்சோம். எங்க தவறணையில கன்று மட்டும்தான் இருக்கு அண்ணே.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அந்தப் பையனோட பேசினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்துல அவன் அம்மாவைக் கண்டு நம்பர் கேட்டேன். "என்னா சேர், எதும் வேல இருக்கா அவனுக்கு"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, சும்மா பேசணும்னேன். நம்பாத மாதிரிப் பார்த்தாங்க, ஆனா குடுத்தாங்க.

இப்ப 23 வயசு. துணிக்கடையை விட்டுட்டு வத்தளைப் பக்கம் ஒரு களஞ்சியத்துல வேலை. மெட்ச் ஒண்ணு விடாமப் பார்ப்பானாம். அவன் லிவர்பூல். ரியோ ங்குமோஹா நியூகாசலுக்கு எதிரா 100ஆவது நிமிஷத்துல கோல் போட்டதை அரை மணி நேரம் சொன்னான். "பதினேழுகூட ஆகல சேர், நாலு நாள் இருந்துச்சு." செல்சி அகடமியில வளர்ந்து லிவர்பூலுக்கு வந்தவன்ங்கிறதையும் அவன்தான் சொன்னான்.

2018ஐப் பத்தி எப்படித் தொடங்குறதுன்னு தெரியாம, அன்னைக்கு அஞ்சு நிமிஷம்தான் குடுத்தேன், தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன்.

"அஞ்சு நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்ல சேர். பேர வெட்டுனீங்கல்ல, அதுதான் ஞாபகம் இருக்கு."

தோட்டத்துல பேரை வெட்டுறதுன்னா என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். செக்ரோல்ல, அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டுல, பேரை வெட்டினா வேலை இல்ல. அவன் பாட்டிக்கு அப்படி ஒரு தடவை நடந்திருக்கு, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. நான் ஒரு தாள்ல கோடு போட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பிறகு அவனே சொன்னான்: "ஆடியிருந்தாலும் நான் கொழும்புக்குத்தான் போயிருப்பேன். தங்கச்சிங்க இருந்தாங்கல்ல. ஆனா ஒரு மெட்ச் ஆடிட்டுப் போயிருப்பேன்."

தீபாவளிக்கு வர்றானாம்.

ஒக்டோபர் 13

நிறையப் பேர் எழுதியிருக்கீங்க. எல்லாத்தையும் வாசிச்சேன், பதில் எழுதக் கை வரல.

ஒண்ணுக்கு மட்டும். "மனசார இடம் குடுத்தவங்களே இல்லையா"ன்னு வெலிமடையிலிருந்து கேட்டவருக்கு: இருக்காங்க. லமீன் யமாலுக்கு 15 வயசுல, 2023 ஏப்ரல் 29, பார்சிலோனா மெனேஜர் சாவி இடம் குடுத்தார். அடுத்த வருஷம் 17 வயசு நிறைஞ்ச மறுநாள் யூரோ கிண்ணம் அவன் கையில. ஆனா பார்சிலோனாகிட்டயும் அப்ப வாங்கக் காசில்லைங்கிறதை மறக்கக் கூடாது. ஸ்பெயின்ல பாஸ்க் மண்ணுக்காரங்களை மட்டுமே சேர்க்கிற பில்பாவோவை எடுங்க. வெளியில வாங்குற கதவைத் தாங்களே பூட்டிக்கிட்ட கழகம். ஸ்பெயின் முதல் பிரிவுலயிருந்து ஒரு தடவைகூடக் கீழே இறங்கினதில்ல. 2024ல அரசர் கிண்ணமும் ஜெயிச்சாங்க, 40 வருஷத்துக்குப் பிறகு. அங்க வர்ற மெனேஜர் பையனை இறக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதே இல்ல. அவருக்கு முன்னாடியே கழகம் முடிவெடுத்து வச்சிருக்கு. மெனேஜரோட தைரியத்தை மட்டும் நம்பி அகடமி நடத்தினா ஒண்ணும் நடக்காது. மேலே இருக்கிறவங்க முதல்ல தங்க கையைக் கட்டிக்கணும்.

இதை வச்சு எங்க டீம்ல ஒரு விதி போடப் போறேன். காசு போடுறதுக்கும் ஆடுறதுக்கும் சம்பந்தமில்ல. ஏழு பேர்ல ரெண்டு பேர் 17 வயசுக்குக் கீழ, தொடக்கத்திலேயே. மூணு பேர் எதிர்ப்பாங்கன்னு தெரியும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு இரவு

நேத்து ஃபொரஸ்ட், நூனோவுக்குப் பதிலா வந்த பொஸ்டெகொக்ளுவையும் நீக்கிட்டாங்க. 39 நாள், 8 மெட்ச், ஒரு வெற்றியும் இல்ல. 39 நாள்ல ஒரு அகடமிப் பையனோட பேரைக்கூட மனப்பாடம் பண்ண முடியாது.

இங்க எதிர்த்தது மூணு பேரில்ல, அஞ்சு பேர். ஓட்டோ அண்ணன் போன வாரமே போட்ட 1500 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். குடுத்துட்டேன். கோபமாப் பேசல, அதுதான் கஷ்டமா இருக்கு. லொறிக்குக் குறையிறதை நான் போட்டேன்.

நாளைக்குத் தீபாவளி. மெட்ச் நாளான்னைக்கு. யுனைட்டெட் அன்ஃபீல்ட்ல 2-1 ஜெயிச்ச சத்தம் லயம் முழுக்கக் கேக்குது.

ஒக்டோபர் 21, இரவு 9 மணி

பட்டியல்ல ரெண்டு பையன்கள். ஒருத்தனுக்கு 16, ஒருத்தனுக்கு 15. பதினஞ்சு வயசுக்காரன் முதல் பத்து நிமிஷம் போலையே தொடல. பயந்து தள்ளித் தள்ளி நின்னான். கூட்டத்துல ஒருத்தர் என் பேரைச் சொல்லிக் கத்தினார், பையன் பேரை இல்ல. அது சரின்னு பட்டுச்சு.

கொழும்புக்காரன் வந்திருந்தான். ஆடல, முட்டிவலியாம். கீழ்ச் சரிவுல போல் பொறுக்கிற பசங்களோட போய் நின்னுக்கிட்டு, போல் வெளியில போறப்பல்லாம் தேயிலைக்குள்ள இருந்து காலாலயே தட்டி ஏத்தினான். பாதி ஆட்டத்துல பதினஞ்சு வயசுக்காரனைக் கூப்பிட்டு வச்சு என்னமோ சொன்னான். என்ன சொன்னான்னு நான் கேக்கல.

ரெண்டாம் பாதியில பையன் கொஞ்சம் முன்னுக்கு வந்தான். ஒரு போல் கம்பத்துல பட்டு வெளியில போச்சு. 1-0 தோத்தோம். அந்தக் கோல் வந்தது அவன் விட்ட போல்லயிருந்துதான். ஓட்டோ அண்ணன் வரல.

வர்ற ஞாயிறு கொட்டகலைப் பக்கம் ஒரு மெட்ச் பேசியிருக்கோம். ரெண்டு பையன்களும் தொடக்கத்திலேயே இறங்குறாங்க. யார்கிட்டயாவது 6ஆம் நம்பர் பூட்ஸ் பழசு இருந்தா எழுதுங்க, ஹட்டன் பஸ் நிலையத்துல வந்து வாங்கிக்கிறேன். சின்னவனோடது ரெண்டு பக்கமும் வாய் பிளந்துடுச்சு, இன்னைக்கு ரப்பர் பட்டி போட்டுத்தான் ஆடினான்.